கட்டத்துக்குள் ஓர் எழுத்து: ரிஹர்சல் மார்க் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் நெருங்கினால் ராயபுரம், பெரம்பூர் பக்கம் சர்ச் ஹால்களில் கொயர் பிராக்டிஸ் களைகட்டும். நடத்துகிறவர் கையைத் தட்டி நிறுத்தி, "சி-யிலிருந்து" என்பார். பாட்டின் ஒரு பகுதி தொடங்கும் இடத்தைக் காட்ட, தாளில் கட்டத்துக்குள் போட்டிருக்கும் எழுத்துதான் அந்த சி, அதாவது ரிஹர்சல் மார்க். பாதிப் பேர் பாடுவார்கள், மீதிப் பேர் பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பார்கள். பாடுகிறவர்களைத் திட்டுவதற்கு முன் நோட்டேஷனைக் கம்ப்யூட்டரில் அடித்தவரைக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

அதிகம் நடப்பது, மார்க்கைச் சாதாரண எழுத்தாக அடித்துவிடுவது. நோட்டேஷன் அடிக்கும் மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் கன்ட்ரோல்-டி அழுத்தி 'சி' என்று அடித்து, சுற்றிக் கட்டம் போட்டால் அச்சு அசல் ரிஹர்சல் மார்க் மாதிரியே இருக்கும். ஆனால் அது அந்த ஒரு ஸ்டாஃபுக்கு (ஐந்து கோட்டு வரிக்கு) மட்டும்தான் சொந்தம். சொப்ரானோ வரிக்கு மேலே போட்டது டிரம்பெட்காரரின் பார்ட்டில், அதாவது அவருக்கென்று தனியாக எடுத்த தாளில், வராது. அவருக்கு அங்கே இருபது பார் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே வருவது ஒரு பார்) ஓய்வு என்று வையுங்கள். இருபதும் ஒரே தடிக் கோடாகச் சுருங்கி, மேலே 20 என்று நிற்கும். எட்டு பார் முடிந்ததும் சி வருகிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கன்ட்ரோல்-எம் அழுத்திப் போட்ட மார்க் எல்லா பார்ட்டுக்கும் போகும், ஓய்வும் 8, 12 என்று அந்த இடத்தில் பிரியும். நோட்டேஷனைக் கட்டளைகளாக அடிக்கும் லில்லிபாண்ட் மென்பொருளில் எழுதுகிறவர்கள் மார்க்குகளைத் தனி வேரியபிளில் வைத்து, ஒவ்வொரு பார்ட்டிலும் அதைச் சேர்த்துவிடலாம்.

அடுத்தது எடுப்பு. சரணம் முந்தின பாரின் கடைசித் தட்டிலேயே தொடங்கினால், அந்த நோட்டின் தலைக்கு மேலே மார்க் வைக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். மார்க்குக்கு இடம் பார் கோட்டின் மேல்தான். "சி-க்கு ஒரு தட்டு முன்னால்" என்று வாயால் சொன்னால் போதும்.

கிடார், கீபோர்டு இருக்கும் பாட்டில் இன்னொரு வம்பு. கட்டம் இல்லாத 'டி'யைப் பார்த்ததும் கிடார்காரர் டி கார்டைப் பிடித்துவிடுவார். அப்படிப்பட்ட பாட்டுக்கு எழுத்தே வேண்டாம், பார் எண்ணையே கட்டத்துக்குள் போடுங்கள் என்பேன். மைக் இல்லாத ஹாலில், ஃபேன் சத்தத்தில், பி, டி, ஜி எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும்.

மார்க் உச்ச ஸ்தாயி நோட்டோடு மோதினால் மவுஸால் இழுத்து நகர்த்தாதீர்கள். வரி மாறினால் அந்த நகர்த்தல் பொருந்தாமல் போய், எழுத்து அந்தரத்தில் தொங்கும். மென்பொருளின் ஸ்டைல் அமைப்பில் குறைந்தபட்ச இடைவெளியைக் கூட்டுங்கள். சிவப்பு நிறமும் வேண்டாம், ஜெராக்ஸ் கடையில் அது வெளிறிப்போகும்.

இருவர் வேலையைப் பிரித்துக்கொண்டால் 'ஐ'யைக் கவனியுங்கள். ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்பதால், லில்லிபாண்ட் எச்-க்கு அப்புறம் தானாகவே ஜே-க்குத் தாவிவிடும். இன்னொருவர் பார்ட்டை வேறு மென்பொருளில் அடித்து 'ஐ' போட்டிருந்தால், அங்கிருந்து கடைசி வரை எல்லா எழுத்தும் ஒன்று தள்ளியே இருக்கும்.