பைபர் வேலைக்கு முன் 100 கிராம் றெசினைக் கலந்து பாருங்கள்

வாகனத்தின் உட்புறத்துக்கென ஸ்பீக்கர் பெட்டியையோ கதவுப் பலகையையோ முதன்முறையாக பைபர்கிளாசில் செய்யத் திட்டமிடுபவர்கள், வேலை செய்யவிருக்கும் அதே இடத்தில், நாளின் அதே நேரத்தில், 100 கிராம் பொலியெஸ்டர் றெசின் என்ற பிசின் திரவத்துடன், அதை இறுகச் செய்யும் ஹார்ட்னரை ஏறத்தாழ 1 மில்லிலீற்றர் சிறிய சிரிஞ்சால் அளந்து கலந்து, அது கூழாக இறுகத் தொடங்கும் வரையான நிமிடங்களை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்துக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவு றெசினை மட்டும் ஒவ்வொரு தடவையும் கலந்து, பைபர் பாயையும் (கண்ணாடி இழை விரிப்பு) அதற்கேற்ற துண்டுகளாக முன்கூட்டியே வெட்டி வைத்தால், பாத்திரத்திலேயே கல்லாகிப்போகும் றெசினுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

றெசின் இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடுவதால், வெளிவெப்பமும் சேரும் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அது விரைவாகவும், மாரிகாலக் குளிரில் தாமதமாகவும் இறுகும். ஆகவே டப்பாவில் அச்சிட்டுள்ள நேரத்தை அப்படியே நம்ப இயலாது. ஆழமான கோப்பையில் வெப்பம் தேங்கி நிற்பதால், கலந்தவுடன் அகன்ற தட்டையான தட்டில் ஊற்றிவிட்டால் மேலும் சில நிமிடங்கள் கிடைக்கும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம் என்பதால், இந்தச் சிறிய சோதனைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

எபொக்சி என்ற வேறு வகை றெசினுக்கு இந்த 100க்கு 1 என்ற அளவு பொருந்தாது. அதற்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விகிதத்தில்தான் கலக்க வேண்டும். நேரத்தை மாற்ற விரும்பினால், வேகம் வேறுபட்ட ஹார்ட்னரையே வாங்க வேண்டும்.