கரண்ட் வைத்தது இடுப்பில், சுருங்கியது நெஞ்சில்: ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது

அண்ணனுக்கு நுரையீரலில் புற்றுநோய். இடுப்பெலும்புக்கும் பரவி, ராத்திரி புரண்டு படுக்க முடியாத வலி. வலி அடங்க இடுப்பில் மட்டும் 5 நாள், மொத்தம் 20 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் அதுதான் பெயர். ஷாக் அடித்துவிடுமோ என்று மைனி முதல் நாள் அண்ணனைச் செருப்பைக் கழற்றவே விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நெஞ்சுக் கட்டி சுருங்கியிருந்தது. மைனிக்கு அது நெல்லையப்பர் கொடுத்தது. நான் அரிசி மில்லில் கணக்கு எழுதியவன்; வரவு எந்த இனத்தில் வந்தது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது.

ஓரிடத்தில் கதிர் வைக்க, கதிர் படாத இடத்துக் கட்டியும் சுருங்குவதை அப்ஸ்கோபல் விளைவு என்கிறார்கள். 1953-ல் ஆர்.எச்.மோல் வைத்த பெயர். கதிர் பட்டுச் சாகிற செல்கள் சிந்தும் துணுக்குகளை வைத்து நோய் எதிர்ப்புச் செல்கள் சாடை கண்டுபிடித்து, அதே சாடையில் வேறு இடத்தில் இருக்கும் கட்டியையும் போய் அடிக்கின்றன. கரண்டை மட்டும் வைத்து இப்படி நடப்பது மிக அபூர்வம். நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்தும் கூட ஓடினால் வாய்ப்பு கூடுமா என்றுதான் ஆராய்கிறார்கள். 2019-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 76 நுரையீரல் நோயாளிகள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஒரு கட்டிக்கு முதலில் கதிர் கொடுத்து, பிறகு மருந்து ஏற்றியவர்களில் 36. இரண்டு மடங்குதான், ஆனாலும் பலன் உண்டு என்று சொல்ல ஆய்வுக்காரர்கள் முன்பே குறித்துவைத்த அளவை அது எட்டவில்லை.

சரி, உங்கள் வீட்டில் இப்படி நடந்தால்? முதலில் ஒரு நோட்டில் தேதி எழுதுங்கள்: கரண்ட் எந்த இடத்தில், என்றைக்கு, டிரிப் என்றைக்கு, ஸ்கேன் என்றைக்கு. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, பழைய ஸ்கேன் சிடியும் வேண்டும். நான் ஒன்றைப் பாபநாசம் பஸ்ஸில் விட்டுவிட்டு, டாக்டர் முன்னால் திருதிருவென்று விழித்தேன். இரண்டு ஸ்கேனிலும் அதே கட்டியைத்தான் அளந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தக் கட்டி கதிர் போன பாதைக்கு வெளியேதான் இருந்ததா என்பதையும் கேளுங்கள். பாதைக்குள் இருந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இம்யூனோதெரபியில் சிலருக்குக் கட்டி முதலில் பெருத்ததுபோல் தெரிந்து, அப்புறம் சுருங்கும். அதனால் ஒரே ஸ்கேனைப் பார்த்து ஆடவும் வேண்டாம், அழவும் வேண்டாம். ஆனால் வறட்டு இருமலோ மூச்சிரைப்போ புதிதாக வந்தால் அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்காதீர்கள். நெஞ்சில் வைத்த கரண்டாலும் இந்த மருந்தாலும் நுரையீரல் அழற்சி வரலாம். இந்த விளைவை நம்பி எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்துவது மகா தப்பு.

அண்ணனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி டிரிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. "மருந்து மட்டுமே செய்ததாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது அண்ணாச்சி" என்றார் டாக்டர். நோட்டில் அந்த வரவை அனாமத்துக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.