மென்பொருள் சோதனையில் அடுத்த படி: கோவை டெஸ்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் விளாங்குறிச்சி சாலை டைடல் பூங்காவிலும் டெஸ்டிங் பணியில் மூன்று நான்கு ஆண்டுகளைக் கடந்தவர்கள், அப்ரைசல் நெருங்கும்போது, சோதனையைத் தானாக ஓடச் செய்யும் ஆட்டோமேஷன் படிப்பதா, டெவலப்மெண்ட் பக்கமே போய்விடுவதா என்று குழம்புவது வழக்கம். எந்தக் கருவியைக் கற்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடந்த ஓராண்டில் தங்கள் பெயரில் பதிவான பக்குகளை (மென்பொருள் பிழைகளை) முதலில் எடுத்துப் பாருங்கள். அலுவலகக் கணினியிலேயே, வெளியே எதையும் நகலெடுக்காமல், திரையின் தோற்றத்தில் கண்டவை, வணிகக் கணக்கில் கண்டவை, மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறும் ஏபிஐயில் கண்டவை, வேகத்திலும் பாதுகாப்பிலும் கண்டவை என்று அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவற்றுள்ளும், ‘இது பக் அல்ல’ என்று டெவலப்பர் திருப்பி அனுப்பிய பிறகு நீங்கள் வாதாடி ஏற்கவைத்தவற்றைத் தனியே குறியுங்கள். உங்கள் பலம் எங்கே இருக்கிறது என்பதை எண்ணிக்கையைவிட அவையே தெளிவாகக் காட்டும்.

வணிகக் கணக்கில்தான் அதிகம் பிடித்திருக்கிறீர்கள் என்றால், மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை வரையறுக்கும் பிசினஸ் அனலிஸ்ட், புராடக்ட் ஓனர் ஆகிய பணிகளுக்கான வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. கொங்குப் பகுதியில் வளர்ந்தவர்கள் தங்களிடம் இருப்பதை அறியாமலே விட்டுவிடும் வழியும் இதுதான். எடுத்துக்காட்டாக, திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கான மென்பொருளைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். சாயப்பட்டறைக்கு 100 கிலோ துணி அனுப்பினால் 100 கிலோவாகத் திரும்பி வருவதில்லை. பதனிடும்போது எடை குறையும். மென்பொருளோ, அனுப்பிய சலானில் 100, வந்த சலானில் 95 என்று கண்டதும், மீதி 5 கிலோ இன்னும் பாக்கி என்று கணக்கு வைத்துக்கொண்டு அந்தச் சலானை முடிக்கவே விடாது. தேவை ஆவணத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதபோது, ஆவணத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர் ‘சரியாக இயங்குகிறது’ என்று எழுதிவிடுவார்; வீட்டிலோ உறவிலோ ஒருவர் பனியன் கம்பெனியில் இருக்கக் கேட்டு வளர்ந்தவர், பிராசஸ் லாஸுக்கு இடம் எங்கே என்று கேட்பார். எதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் டெஸ்ட் கேஸ்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிமிடத்தில் எழுதித் தரும் இக்காலத்தில், எது சரியான விடை என்று சொல்லத் தெரிந்தவருக்கே மதிப்பு மிகுதி. ஆகவே இவ்வழியில் செல்ல விரும்புவோர், வாடிக்கையாளருடன் நடக்கும் தேவை விவாதக் கூட்டங்களில் இடம் கேட்டு வாங்கி, அங்கு எழும் கேள்விகளை எழுத்தில் தொகுத்துத் தரும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆட்டோமேஷனுக்குச் செல்வோர் ஜாவா அல்லது பைத்தான் நிரல் மொழியை முறையாகக் கற்றுக்கொண்டு, பின்னர் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், அதன் பின்னரே உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் அல்லது பிளேரைட் என்ற வரிசையில் போவது நல்லது. 2004இல் தோன்றிய செலினியத்தில் எழுதப்பட்ட பழைய தொகுப்புகள் ஏராளமாக இருப்பதால் அதற்கான வேலை இன்னும் குறையவில்லை. மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட்டைப் புதிய திட்டங்கள் பல விரும்புகின்றன. ஒன்றை ஆழமாக அறிந்தவர் மற்றதைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்ளலாம். பயிற்சி மையங்கள் எல்லாம் லாகின் பக்கத்தை ஆட்டோமேட் செய்யவே கற்றுத் தருகின்றன. நேர்காணலில் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் எதிரே அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ரிலீஸிலும் உங்கள் குழுவைப் பாடாய்ப் படுத்தும் ரிக்ரெஷன் (புதிய மாற்றத்தால் பழையது கெட்டதா என்று மீண்டும் பார்க்கும் சோதனை) பகுதி ஒன்றை எடுத்து, அதை ஜென்கின்ஸ் என்ற தானியங்குக் கருவியில் இரவுதோறும் ஓடும்படி செய்து, எவ்வளவு நேரம் மிச்சமானது என்று சொல்ல முடிந்தால் அதுவே போதும்.

மின்னணுவியல் அல்லது மின்னியல் படித்துவிட்டு டெஸ்டிங்குக்கு வந்தவர்களுக்கு கருவிகளுக்குள் பதிந்து இயங்கும் மென்பொருளைச் சோதிக்கும் எம்பெடட் சோதனை என்ற வழியும் கோவையிலேயே உண்டு. பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவு இங்கே இயங்குவது பலரும் அறிந்ததே. வாகனத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் நெறிமுறை, அதைச் சோதிக்கும் கேனோ மென்பொருள், அதில் எழுதும் கேப்பல் மொழி, வாகனப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலை ஆகியவை இங்கே அடிப்படைப் பாடங்கள். இணையதளச் சோதனையைவிட இதில் நுழைவது கடினம். நுழைந்தவருக்குப் போட்டியும் அந்த அளவுக்குக் குறைவு.

வேகச் சோதனைக்கு ஜேமீட்டர் கருவியும், பாதுகாப்புச் சோதனைக்கு ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலும் தொடக்கமாக அமையும். பாதுகாப்புச் சோதனையை எழுத்து வழி அனுமதி இன்றி எந்தத் தளத்திலும், விளையாட்டுக்குக்கூட, செய்து பார்க்கக் கூடாது.

மென்பொருள் சோதனையாளர்களுக்கான ஐஎஸ்டிகியூபி அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வில் 40 கேள்விகள்; தேர்ச்சிக்கு 65 விழுக்காடு தேவை. புதியவரின் சுயவிவரத்தை முதல் வடிகட்டலில் தாண்டச் செய்ய இது உதவும். ஏழெட்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு இதனால் மட்டும் ஊதியம் உயரும் என்று நான் நினைக்கவில்லை.

சோதனைக் குழுவை வழிநடத்தும் டெஸ்ட் லீட் பதவியை ஏற்குமுன், கால மதிப்பீட்டையும் ரிலீஸை நிறுத்தும் முடிவையும் உங்களிடம் விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையெனில் தினசரி அறிக்கை அனுப்பும் வேலைதான் கூடும். மேலாளரிடம் பேசும்போது பதவியைக் கேட்பதைவிட வேலையைக் கேட்பதே பலன் தரும்: “சார், அடுத்த ரிலீஸில் ஏபிஐ ரிக்ரெஷனை நான் ஆட்டோமேட் செய்கிறேன், வாரத்தில் நான்கு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்” என்று கேட்டால் மறுப்பது அவருக்குக் கடினம். இரண்டு ரிலீஸ் கடந்தும் இடம் கிடைக்கவில்லையென்றால் வெளியே தேடத் தொடங்கலாம். பல நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள் என்பதால், அதைக் குறைத்துக்கொள்ள வழி உண்டா என்பதைப் பணி ஆணையில் பார்த்துவிட்டே புதிய இடத்தில் சேரும் தேதியைச் சொல்லுங்கள்.