கம்பெனி கோடா, பிளான்டா? சேகோ ஆலையை வைத்து எஸ்ஏபி பழகலாம்

எஸ்ஏபி (SAP, நிறுவனங்களின் கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருள்) படிக்க வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே குழம்புவது கிளையன்ட், கம்பெனி கோடு, பிளான்ட் என்ற பெயர்களில்தான். மனப்பாடம் வேண்டாம். நம்ம ஊர்த் தொழில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் தானாகப் பிடிபடும்.

ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தலைமை அலுவலகம், ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை, பெங்களூரில் குடோன். மூன்றும் ஒரே பிரைவேட் லிமிடெட். ஏற்காட்டில் காபித் தோட்டமும் உண்டு. அது அண்ணன் தம்பி இருவர் பேரில் தனிப் பார்ட்னர்ஷிப்.

படி 1: கணினியைத் திறக்கும் முன் பேப்பரை எடுங்கள்

எதற்கெல்லாம் தனி பேலன்ஸ் ஷீட் போட வேண்டும்? அதுதான் கம்பெனி கோடு. சந்தேகம் வந்தால் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். அதன் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான் எண். ஆலைக்கு 33 என்றும் குடோனுக்கு 29 என்றும் தொடங்கும். ஆனால் நடுவில் இருக்கும் பான் ஒன்றே. ஆகவே இரண்டும் ஒரே கம்பெனி கோடு; அதற்கு 1000 என்று எண் கொடுப்போம். தோட்டத்துக்கு பான் வேறு, அது 2000.

இந்த இடத்தில் நான் தவறியிருக்கிறேன். ஜிஎஸ்டி எண் வேறு என்பதற்காக, ஓர் ஆலையின் வெளிமாநிலக் குடோனைத் தனிக் கம்பெனி கோடாகப் போட்டுவிட்டேன். அனுப்பிய ஒவ்வொரு மூட்டையும் விற்பனையாகவே பதிவானது. மார்ச் கடைசியில் அந்தப் போலி லாபத்தை எக்செல்லில் வைத்துக் கையால் கழித்தோம். பதிவுகள் ஏறிய கம்பெனி கோடை நினைத்தபடி அழிக்க முடியாது. அதனால்தான் பேப்பரை முதலில் எடுக்கச் சொல்கிறேன்.

படி 2: கம்பெனி கோடு உருவாக்குதல்

கிளையன்ட் என்பது எல்லோரும் குடியிருக்கும் வீடு; மூன்று இலக்க எண். நீங்கள் உள்ளே நுழையும்போதே அது இருக்கும். ஈசி01-இல் (EC01; இப்படி வருபவை எல்லாம் அந்தந்தத் திரையைத் திறக்க எஸ்ஏபியில் தட்டும் குறியீடுகள்) ஏற்கெனவே உள்ள கம்பெனி கோடை நகலெடுத்து, நாடு இந்தியா, நாணயம் ரூபாய் என்று மாற்றுங்கள். ஓபி62-இல் கணக்குத் தலைப்புப் பட்டியலை இணையுங்கள். அப்புறம் ஓபிஒய்6-இல் நிதியாண்டைக் கட்டாயம் பாருங்கள். நிதியாண்டு வகை கே4 என்றிருந்தால் அது ஜனவரி முதல் டிசம்பர். நமக்கு வேண்டியது ஏப்ரல் முதல் மார்ச், அதாவது வி3.

படி 3: பிளான்ட்

சரக்கு இருக்கும் இடம் பிளான்ட். ஆலை ஒன்று, குடோன் ஒன்று, தோட்டம் ஒன்று. செவ்வாய்ப்பேட்டை அலுவலகத்தில் சரக்கு இல்லை, அதற்கு வேண்டாம். ஓஎக்ஸ்10-இல் உருவாக்கி, ஓஎக்ஸ்18-இல் கம்பெனி கோடுடன் சேருங்கள். ஒரு பிளான்ட் ஒரே கம்பெனி கோடுக்குத்தான் போகும்.

படி 4: கன்ட்ரோலிங் ஏரியா

அண்ணன் தம்பிக்கு மொத்தச் செலவும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்றால், ஓகேகேபி-இல் ஒரே கன்ட்ரோலிங் ஏரியாவின் கீழ் இரண்டு கம்பெனி கோடுகளையும் கொண்டுவரலாம். இரண்டுக்கும் ஒரே கணக்குத் தலைப்புப் பட்டியல் இருக்க வேண்டும். அதன் கீழ் கிழங்கு அரவை, காயப்போடும் களம், பழம் பறிப்பு எனக் காஸ்ட் சென்டர்களை, அதாவது செலவைத் தனித்தனியாகக் கணக்கிடும் பிரிவுகளைத் திறக்கலாம்.

படி 5: சரிபார்ப்பு

பீரியட், அதாவது நிதியாண்டின் அந்தந்த மாதம், திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பயிற்சிக் கிளையன்டில் எஃப்பி50 மூலம் இரண்டு சிறு பதிவுகள் போடுங்கள். 31.03.2025 தேதியிட்டது நிதியாண்டு 2024, பீரியட் 12-இல் விழ வேண்டும். 01.04.2025 தேதியிட்டது 2025, பீரியட் 1. அப்படி விழவில்லை என்றால் ஓபிஒய்6-க்குத் திரும்புங்கள். அடுத்த பதிவு அதற்குப் பிறகுதான்.