சீமெந்துக் கல் சுவரில் யன்னலைச் சுற்றிப் பூசுதல்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோர வீடுகளில் சுவர் ஈரமாகிறது என்ற முறைப்பாடு பெரும்பாலும் யன்னலோரத்திலிருந்துதான் தொடங்குகின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி மாரியில் பெய்கின்றது. அதுவும் வடகீழ்க் காற்றோடு சாய்வாக அடிப்பதால், கிழக்கையும் வடக்கையும் பார்த்த யன்னல்களின் விளிம்புகளில் நேரே மோதுகின்றது. ஆகவே உட்புறத்தை வழுவழுப்பாக்குவதற்கு முன்னரே, வெளிப்புறத்தில் விழும் தண்ணீர் வெளியே வழிந்தோட வழி செய்யப்பட்டிருக்க வேண்டும். கீழே தரப்படும் வேலை ஒழுங்கு முழுவதும் இந்த ஒரு காரணத்தால் அமைந்தது.

காலத்தையும் கவனித்துத் தெரிவு செய்யுங்கள். மாரி ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு மிகவும் உகந்தவை. வறண்ட தென்மேல் காற்றான கச்சான் வீசும் மாதங்களில், சீமெந்து இறுகுவதற்குத் தேவையான ஈரத்தைக் காற்று உறிஞ்சிவிடுவதால் பூச்சில் மயிர்வெடிப்புகள் விழும். அக்காலத்தில் செய்தே ஆகவேண்டுமாயின், வெயில் படாத பக்கத்தை மட்டும் காலையிலோ பின்னேரத்திலோ பூசி, உடனே நனைந்த சாக்கினால் மூடுங்கள்.

மணலும் கலவையும்

கடற்கரை மணலைத் தொடவே கூடாது. அதிலுள்ள உப்பு பின்னர் சுவரின் மேல் வெள்ளையாகப் பூத்து வர்ணத்தை உரித்துவிடும். லின்டலுக்குள் (யன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கொங்கிறீற் விட்டம்) இருக்கும் கம்பியையும் துருப்பிடிக்கச் செய்யும். ஆற்று மணலாயினும் சலித்தே பயன்படுத்துங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டு, நன்றாகக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வைத்தால், மேலே படியும் சேற்றுப் படலத்தின் அளவு தெரியும். அது மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்குமாயின், மணலைக் கழுவாமல் பூச்சுக்கு எடுக்க வேண்டாம்.

உட்புறத்துக்கு ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணலும், மழை படும் வெளிப்புறத்துக்கு ஒன்றுக்கு நான்கும் போதும். சீமெந்தைக் கூட்டினால் பூச்சு பலமாகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கூடுதலாகச் சுருங்கி வெடிக்கவே செய்யும். ஒரு மணி நேரத்துக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவை மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கிய சாந்துக்கு மறுபடி தண்ணீர் விட்டு இளக்குவது, அதன் பலத்தைக் கெடுக்கும் வேலை.

சுவரைத் தயார்ப்படுத்தல்

யன்னல் வாயைச் சுற்றியுள்ள தளர்ந்த சாந்தையும் தூசியையும் கம்பித் தூரிகையால் அகற்றுங்கள். லின்டலின் அடிப்பக்கம் பலகை வைத்து வார்த்த கொங்கிறீற் என்பதால் வழுவழுப்பாக இருக்கும். அதை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, ஒரு பங்கு சீமெந்தும் இரண்டு பங்கு பெருமணலும் கலந்த இளகிய சாந்தை அதன்மேல் தெறித்து, ஒரு நாள் இறுக விடுங்கள். இதைச் செய்யாத இடத்தில் பூச்சு பின்னர் பாளமாகக் கழன்று விழும். மர நிலைக்கும் கல்லுக்கும் இடையே ஆழமான வெளி இருந்தால், அதைக் கல்துண்டும் சாந்தும் இட்டு முதலில் நிரப்பிவிடுங்கள். பூச்சோடு சேர்த்து ஒரே தடவையில் அடைத்தால் அவ்விடம் பள்ளமாக இறங்கும். முதல் நாள் பின்னேரம் சுவரை நனைத்து வையுங்கள்.

பூசும் ஒழுங்கு

மேற்பக்கம் முதலில், பக்கச் சுவர்கள் அடுத்து, அடிவிளிம்பு கடைசியில். மேலிருந்து விழும் சாந்து முடிந்த வேலையைக் கெடுக்காமலிருக்க இதுவே வழி.

மூலைக்கோடு நேராக வருவதற்கு, சுவரின் முகப்பில் ஒரு நேரான மட்டப்பலகையை, பூச்சின் தடிப்பளவு வெளியே நீட்டி நிற்கும்படி பொருத்தித் தூக்குக்குண்டால் சரிபாருங்கள். அந்தப் பலகையின் விளிம்பு வரை சாந்தகப்பையால் சாந்தை அழுத்தி அப்பி, தேய்ப்புப் பலகையால் சமன் செய்யுங்கள். பூச்சு 12 முதல் 15 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கட்டும். அதைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டால், முதற் பூச்சைக் கீறி விட்டு, அது இறுகிய பின்னர் இரண்டாம் பூச்சை இடுங்கள். யன்னலின் நான்கு மூலைகளிலிருந்தும் சாய்வாக வெடிப்புகள் ஓடுவதை நீங்கள் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். சுவர் முகப்பைப் பூசும்போது ஒவ்வொரு மூலையிலும், அவ்வெடிப்பு ஓடக்கூடிய திசைக்குக் குறுக்காக, ஒரு சாண் அகலமான நார்வலைத் துண்டொன்றைப் பூச்சுக்குள் புதைத்தால் அது பெருமளவு தடுக்கப்படும். உப்புக் காற்றில் கம்பிவலை துருப்பிடிக்கும் என்பதால் கண்ணாடி நார்வலையையே நான் பரிந்துரைப்பேன்.

மர நிலையாயின், பூச்சு மரத்தோடு சேரும் இடத்தில் சாந்தகப்பையின் நுனியால் ஒரு மெல்லிய காடி இழுத்துவிடுங்கள். மரம் கோடையில் சுருங்கும்போது வரும் வெடிப்பு அக்காடிக்குள் மறைந்துவிடும். அலுமினிய யன்னலாயின் பூச்சு முடிந்த பின்னரே பொருத்த வேண்டும்: ஈரச் சீமெந்து அலுமினியத்தை அரித்து, அழிக்க முடியாத கறையை விடும். அளவெடுக்கும்போது அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே அலுமினிய வேலைக்காரரிடம் கொடுங்கள்.

வெளி அடிவிளிம்பு

எல்லாவற்றிலும் நிதானம் வேண்டிய இடம் இது. வெளி அடிவிளிம்பு நூறு மில்லிமீற்றர் அகலத்துக்குக் குறைந்தது பத்து மில்லிமீற்றராவது வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். மட்டமாக விட்டால் தண்ணீர் நிலையின் அடியில் தேங்கி, உள்ளே ஊறும். விளிம்பு சுவரைத் தாண்டி ஒன்றரை அங்குலம் வெளியே நீளட்டும். அந்த நீட்டின் அடிப்பக்கத்தில், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, பத்து மில்லிமீற்றர் அகலமும் ஆழமும் கொண்ட சொட்டுக் காடியொன்று முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். ஈரச் சாந்தில் எண்ணெய் பூசிய மரச்சட்டத்தைப் பதித்து, இறுகிய பின் கழற்றினால் காடி சுத்தமாக அமையும். அடிப்பக்கமாகச் சுவரை நோக்கி ஊர்ந்துவரும் தண்ணீர் அக்காடியைத் தாண்ட மாட்டாமல் அங்கேயே சொட்டி விழும். பளிங்குக் கல்லோ டைல்ஸோ பதிப்பவர்கள் இக்காடியை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

பூசிய மறுநாள் தொடக்கம் ஏழு நாட்களுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள்.

அடைப்பும் சோதனையும்

அலுமினியச் சட்டத்துக்கும் பூச்சுக்கும் இடையே விடப்படும் ஐந்து முதல் பத்து மில்லிமீற்றர் வெளியில் முதலில் நுரைப்பஞ்சுக் கயிற்றை (backer rod) செருகி, அதன்மேல் சிலிக்கன் இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் அழுத்திவிடுங்கள். வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் சீமெந்தில் நன்றாக ஒட்டாது. அமிலமற்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். சிலிக்கனில் வர்ணம் பிடிக்காது என்பதால் சட்டத்தின் நிறத்திலேயே தெரிவு செய்வது நல்லது.

சிலிக்கன் காய்ந்ததும், உட்புறத்தில் புட்டி வைப்பதற்கு முன்னர், வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். அடிவிளிம்பில் தொடங்கி, பின்னர் பக்கங்கள், கடைசியில் மேற்பக்கம் என்று சில நிமிடங்கள் வீதம் அடித்தால், உள்ளே கசிவு தோன்றும் நேரத்தைக் கொண்டே ஓட்டை இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளலாம்.

குளிரூட்டிய அலுவலக அறைகளில் சிலர் யன்னல் வாயின் உட்பக்கங்களை ஜிப்சம் பலகையால் மூட விரும்புகின்றனர். இச்சோதனையில் தேறிய யன்னலுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்; ஈரம் தாங்கும் வகைப் பலகையை எடுத்து, அடிவிளிம்பில் முட்டாமல் பத்து மில்லிமீற்றர் உயர்த்திப் பொருத்துங்கள். ஈரம் ஊறிய ஜிப்சம் பலகையைத் திருத்த முடியாது, கழற்றி எறியத்தான் வேண்டும்.

புட்டியும் வர்ணமும்

பூச்சு நான்கு வாரங்கள் காய்ந்த பின்னர் வோல் புட்டியை இரண்டு மெல்லிய படைகளாக இட்டு, மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து, தூசியைத் துடைத்து, சீலர் (வர்ணத்துக்கு முன் இடும் அடிப்பூச்சு) ஒரு தடவையும் வர்ணம் இரண்டு தடவையும் பூசுங்கள். வெளிப்புறத்துக்கு உட்புறப் புட்டியைப் பயன்படுத்தினால் முதல் மாரியிலேயே அது கரைந்து ஒழுகும்.

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதியில், மழை தொடங்குமுன், சிலிக்கன் கோட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரம் கழன்றிருந்தால் அப்பகுதியை முழுவதுமாக வெட்டியெடுத்துப் புதிதாக இழுங்கள். பழையதன் மேல் இழுத்தது சரியாக ஒட்டாது.