பித்தநாளமோ இரைப்பை வாசலோ அடைத்தால்: ஸ்டென்ட் வைக்கும் முன்னும் பின்னும்

கணையத்தின் தலைப்பகுதி, பித்தப்பை, பித்தநாளம், இந்த இடங்களில் வரும் புற்றுநோய் இரண்டு வழிகளை அடைக்கலாம். கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளம் அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், ராத்திரி தூங்கவிடாமல் உடம்பு அரிக்கும். இரைப்பையின் வெளிவாசல் அடைத்தால் காலையில் சாப்பிட்டது சாயங்காலம் செரிக்காமல் அப்படியே வாந்தியாக வரும்.

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, கட்டியை அறுவை சிகிச்சையில் எடுக்க முடியுமா என்பதுதான். சீக்கிரமே அறுவை என்றால் காமாலைக்காக மட்டும் பலருக்கு ஸ்டென்ட் (அடைத்த வழியைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) தேவைப்படாது. காய்ச்சலோடு நாளத்தில் தொற்று இருந்தாலோ, பிலிருபின் (ரத்தத்தில் காமாலையைக் காட்டும் மஞ்சள் நிறமி) ரொம்ப ஏறியிருந்தாலோ, கீமோவை (புற்றுநோய் மருந்து சிகிச்சை) முதலில் கொடுப்பதாக இருந்தாலோ வைப்பார்கள்.

பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைப்பதற்கு இ.ஆர்.சி.பி. என்ற எண்டோஸ்கோபி சிகிச்சை செய்வார்கள். வாய் வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை முன்சிறுகுடல்வரை இறக்கி, நாளம் திறக்கும் சின்னத் துளையைத் தேடி, மெல்லிய கம்பியை அடைப்புக்கு மேலே ஏற்றி, அதன்மேல் ஸ்டென்டைத் தள்ளி வைப்பார்கள். துளைக்குப் போகவே முடியாவிட்டால், நுனியில் அல்ட்ராசவுண்ட் உள்ள எண்டோஸ்கோப்பால் இரைப்பை அல்லது குடல் சுவர் வழியாகப் பித்தத்தை வடிக்கலாம், இல்லையென்றால் வெளியிலிருந்து தோல் வழியாக.

எந்த ஸ்டென்ட் என்று கண்டிப்பாக எழுதி வாங்குங்கள். பிளாஸ்டிக் என்றால் சுமார் 3 மாதத்தில் மாற்ற வேண்டும், காமாலை இறங்கியதும் இதை மறந்துவிடுகிற வீடுகள் ஏராளம். வலைபோல விரியும் உலோக ஸ்டென்ட் 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலம், அதிக நாள் தாங்கும். ஆனால் உறையில்லாத வகையில் வலைக்குள் கட்டி வளரலாம், உறையுள்ளது நழுவலாம்.

இரண்டு அடைப்பும் சேர்ந்திருந்தால் வழக்கமாகப் பித்தநாளத்தைத்தான் முதலில் திறப்பார்கள், ஏனென்றால் குடலுக்குள் ஸ்டென்ட் குறுக்கே வந்துவிட்டால் அப்புறம் அந்தத் துளையைப் பிடிப்பது கஷ்டம். இரைப்பை வாசலுக்கும் விரியும் ஸ்டென்ட் உண்டு. இன்னொரு வழி, அடைப்பைத் தாண்டி இரைப்பையையும் சிறுகுடலையும் எண்டோஸ்கோபியிலேயே இணைப்பது. நாள் கணக்கில் அதிகம் தாங்கும், ஆனால் அனுபவமுள்ள கை வேண்டும். உடம்பு தாங்குகிறவருக்கு அறுவையில் இணைப்பதும் உண்டு.

வாசல் அடைத்த வயிறு காலியாக இருக்காது. பட்டினி இருந்தாலும் உள்ளே தேங்கியது மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம், அதனால் மூக்குக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள், தொந்தரவுதான், மறுக்காதீர்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முடிந்த பிறகு முதுகுவரை பாயும் வயிற்றுவலி (கணைய அழற்சியாக இருக்கலாம்), கறுப்பு மலம், நடுக்கத்தோடு காய்ச்சல், மறுபடி மஞ்சள், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். குடல் ஸ்டென்ட் வைத்தவருக்கு முதலில் நீராகாரம், அப்புறம் குழைவான சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று. நார் நிறைந்த பச்சைக் காய்கறியும் பெரிய இறைச்சித் துண்டும் அந்த வலையிலேயே போய்ச் சிக்கிக்கொள்ளும்.