ரியோ இலையும் சர்க்கரைக் கரைசலும்: செல்சாற்றின் அடர்வை அளப்பது எப்படி?

பிளாஸ்மா சிதைவு என்றால், உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, செல் சுருங்குவதைப் பார்த்து, படம் வரைந்து, நோட்டை மூடிவிடுவதுதான் வழக்கம். அதே இலை, அதே நுண்ணோக்கி, கூடவே ஆறு சின்னக் கிண்ணங்கள் இருந்தால் போதும், அந்தச் செல்லுக்குள் இருக்கும் சாறு எவ்வளவு அடர்வானது என்பதை எண்ணாகவே சொல்லிவிடலாம். இந்தப் பதிவு அதற்குத்தான். சவ்வூடு பரவல் என்றால் என்ன, நுண்ணோக்கியில் குவியம் எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எடுத்து வைக்க வேண்டியவை

ரியோ இலை. மேல்புறம் பச்சை, அடிப்புறம் கத்தரிப்பூ நிறம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டு வாசல் தொட்டிகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். நர்சரியில் ‘ரியோ’ என்று கேட்டாலே தருவார்கள். அடிப்புறத் தோலின் செல்களில், செல்சாறு நிறைந்த பையான வாக்குவோலுக்குள் ஆந்தோசயனின் நிறமி கரைந்து கிடக்கிறது. சாயம் ஏற்றாமலே செல்லின் உட்பகுதி தெரிவது அதனால்தான். 1884-ல் டச்சுத் தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸ் செல்களின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை ஒப்பிட்டு அளந்தபோது பயன்படுத்திய செடிகளில் இதுவும் ஒன்று. அவருடைய அளவீடுகள் வான்ட் ஹாஃப் உருவாக்கிய கரைசல் கொள்கைக்குக் கைகொடுத்தன. வேதியியலின் முதல் நோபல் பரிசை 1901-ல் வாங்கியவர் அந்த வான்ட் ஹாஃப். கீழே கணக்குப் போடப்போவதும் அவர் சமன்பாட்டில்தான்.

வெள்ளைச் சர்க்கரை. இது கிட்டத்தட்ட தூய சுக்ரோஸ். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பிலிருந்து வருவதும் ஆய்வக பாட்டிலில் வருவதும் ஒரே மூலக்கூறுதான்: ஒரு குளுக்கோஸ், ஒரு ஃபிரக்டோஸ், மோலார் நிறை 342 கிராம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வேண்டாம். அவற்றில் தனிக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், தாது உப்புகள் எல்லாம் கலந்திருக்கும், கணக்கு நிற்காது.

தண்ணீர். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அந்த உப்பே கரைசலின் அடர்வைக் கூட்டிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், விலையும் குறைவு.

0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, 100 மி.லி. அளவு உருளை, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்றும் 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்றும், மூடியுள்ள ஆறு கிண்ணங்கள், புது பிளேடு, மென்மையான பிரஷ், கண்ணாடி வில்லை, மூடுவில்லை, பிளாட்டிங் பேப்பர். பிப்பெட்டைவிட சிரிஞ்சே தொடக்கக்காரர்களுக்கு நல்லது. வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை, கெட்டியான சர்க்கரைக் கரைசலிலும் அளவு தவறாது. இடுக்கியைவிட பிரஷ் நல்லது, ஏனென்றால் இடுக்கி பட்ட இடத்துச் செல்லெல்லாம் நசுங்கிச் செத்துவிடும்.

கரைசல்: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

1 மோலார் கரைசல் (ஒரு லிட்டர் கரைசலில் 342 கிராம் சர்க்கரை) 100 மி.லி. வேண்டும். அதற்கு 34.2 கிராம் சர்க்கரை. இதுவரை யாரும் தவறுவதில்லை. அடுத்து 100 மி.லி. தண்ணீரை அளந்து அதன் தலையில் கொட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் போகிறது. சர்க்கரை கரைந்தாலும் இடத்தை அடைக்கும். 34.2 கிராம் சர்க்கரை ஏறக்குறைய 21 மி.லி. இடம் பிடிக்கிறது. ஆகக் கிடைப்பது சுமார் 121 மி.லி. கரைசல், அதன் செறிவு 1 மோலார் அல்ல, 0.83 மோலார். இதிலிருந்து தயாரிக்கும் எல்லாக் கரைசலும் அதே விகிதத்தில் நீர்த்துப்போகும். 0.25 என்று லேபிள் ஒட்டிய கிண்ணத்தில் உண்மையில் 0.21-தான் இருக்கும். விடை தப்பாக வருகிறது, காரணம் மட்டும் புரியவில்லை என்பவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள்.

சரியான முறை இது: 34.2 கிராம் சர்க்கரையை 60 மி.லி. தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் அறை வெப்பத்துக்கு ஆறும்வரை பொறுங்கள். அளவு உருளையில் ஊற்றி, கரைத்த பாத்திரத்தைக் கொஞ்சம் தண்ணீரால் அலசி அதையும் சேர்த்து, பிறகு 100 கோடு வரை தண்ணீர் விடுங்கள். கோட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இனி நீர்க்கச் செய்வது எளிது. ஒவ்வொரு கிண்ணத்திலும் மொத்தம் 10 மி.லி.:

0.10 மோலார்: கரைசல் 1.0, தண்ணீர் 9.0
0.15 மோலார்: கரைசல் 1.5, தண்ணீர் 8.5
0.20 மோலார்: கரைசல் 2.0, தண்ணீர் 8.0
0.25 மோலார்: கரைசல் 2.5, தண்ணீர் 7.5
0.30 மோலார்: கரைசல் 3.0, தண்ணீர் 7.0
0.40 மோலார்: கரைசல் 4.0, தண்ணீர் 6.0

கெட்டிக் கரைசல் அடியில் தங்கும், நன்றாகக் கலக்கிவிடுங்கள். லேபிளை மூடியில் ஒட்டாதீர்கள், மூடி மாறினால் எல்லாம் மாறும். கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். கரைசலை அன்றன்றே செய்து அன்றன்றே பயன்படுத்துங்கள். நம் ஊர் வெக்கையில் ஒரு ராத்திரி வைத்தால் ஈஸ்ட் ஏறும், எறும்பு மொய்க்கும்.

தோல் உரிப்பது

காலையில் பறித்த, விறைப்பாக இருக்கிற இலை வேண்டும். கத்திரி வெயிலில் துவண்ட இலையானால் காம்பைத் தண்ணீரில் விட்டு ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். ஆறு கிண்ணத்துக்கும் ஒரே இலையின் ஒரே பகுதியிலிருந்து தோல் எடுக்க வேண்டும். இளம் இலையிலும் முற்றிய இலையிலும் சாற்றின் அடர்வு வேறு வேறாக இருக்கும்.

இலையைக் குறுக்கே மடித்து, சாய்வாக வெடுக்கென்று கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் பச்சை ஒட்டாமல் கண்ணாடிபோல் மெல்லிய ஊதாப் பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அடிப்புறத்தோல். அதிலிருந்து சுமார் 5 மி.மீ. அளவுக்குப் பிளேடால் நறுக்கி, பிரஷ்ஷால் தூக்கி நேராகக் கிண்ணத்தில் போடுங்கள். பச்சைச் சதை ஒட்டியிருந்தால் ஒளி ஊடுருவாது, எண்ணவும் முடியாது. அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று உரியுங்கள்.

துண்டு மிதந்தால் பிரஷ்ஷால் அமுக்கி இருபுறமும் நனையச் செய்யுங்கள். 20 நிமிடம் ஊறட்டும். முதல் கிண்ணத்துக்கும் அடுத்த கிண்ணத்துக்கும் நடுவே 5 நிமிட இடைவெளி விட்டால், எண்ணும்போது அவசரம் இருக்காது.

வில்லையில் வைப்பது

துண்டு எந்தக் கரைசலில் ஊறியதோ அதே கரைசல் ஒரு சொட்டு விட்டுத்தான் வில்லையில் வைக்க வேண்டும். பழக்கதோஷத்தில் தண்ணீர் விட்டுவிட்டால், சில நிமிடத்துக்குள் செல் தண்ணீரை இழுத்துக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடும். 0.40-லும் சிதைவே இல்லை என்று எழுதி வைப்பீர்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மின்விசிறி ஓடுகிற அறையில், பல்பு வைத்த நுண்ணோக்கிச் சூட்டில் வில்லையை 10 நிமிடம் விட்டால் ஓரத்தில் தண்ணீர் ஆவியாகி, கரைசல் கெட்டியாகும். பிறகு 0.10-லும் செல் சுருங்கும். விசிறியை நிறுத்துங்கள், வைத்த 3 நிமிடத்துக்குள் எண்ணி முடியுங்கள்.

எண்ணுவது

10 மடங்கு லென்ஸில் எண்ணலாம்; சந்தேகமானால் மட்டும் 40 மடங்குக்குப் போங்கள். நல்ல செல்லில் ஊதா நிறம் எல்லா மூலையும் நிறைந்து சுவரோடு ஒட்டியிருக்கும். தொடக்கச் சிதைவில் ஒரு மூலையில் மட்டும் நிறம் விலகி, பிறை வடிவில் வெளுத்த இடைவெளி தெரியும். சிதைவு முற்றிய செல்லில் நிறமெல்லாம் நடுவே உருண்டையாகத் திரண்டு நிற்கும். நிறமும் கருத்துத் தெரியும்: அதே அளவு நிறமி, குறைந்த தண்ணீருக்குள்.

அந்த வெளுத்த இடைவெளியில் என்ன இருக்கிறது? காற்று என்று எழுதுபவர்கள் நிறைய. இருப்பது வெளியே உள்ள சர்க்கரைக் கரைசல். செல்லுலோஸ் சுவர் சுக்ரோஸைத் தடுப்பதில்லை. தடுப்பது பிளாஸ்மா படலம்தான். சுவரையும் படலத்தையும் தனித்தனியாகக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அருமையான இடம் இது, கொஞ்சம் நின்று பாருங்கள்.

ஒரு மூலை விலகியிருந்தாலும் சிதைந்த செல் என்று கணக்கு வையுங்கள். ஆறு கிண்ணத்துக்கும் அதே விதி. வெட்டுப்பட்ட ஓரத்து நிறமற்ற செல்களை விட்டுவிடுங்கள், அவை செத்தவை. இலைத்துளையின் காப்புச் செல்களையும் எண்ண வேண்டாம். துண்டின் மூன்று இடங்களில் சேர்த்து 100 செல் எண்ணினால் வருவது நேரே சதவீதம்.

கணக்கு

சதவீதத்தைச் செறிவுக்கு எதிரே வரைபடமாகப் போட்டு, 50 சதவீதம் எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு 0.20-ல் 38, 0.25-ல் 64 என்று வந்தால், 50 என்பது சுமார் 0.223 மோலாரில் விழும். பாதிச் செல்களில் சிதைவு தொடங்கும் இந்தப் புள்ளியில் சராசரிச் செல்லின் விறைப்பழுத்தம் பூஜ்யம். சுவரை உள்ளிருந்து தள்ளும் விசை இல்லாததால், செல்சாற்றின் கரைபொருள் திறனும் (கரைந்திருக்கும் பொருளால் தண்ணீரை இழுக்கும் திறன், கழித்தல் குறியோடு எழுதுவது) வெளிக்கரைசலின் கரைபொருள் திறனும் சமம்.

வான்ட் ஹாஃப் சமன்பாட்டின்படி செறிவு, வாயு மாறிலி (0.0831), கெல்வின் வெப்பநிலை மூன்றையும் பெருக்கி முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். அறை 30 டிகிரி என்றால் 303 கெல்வின், 0.0831 × 303 = 25.2. அதை 0.223-ஆல் பெருக்கினால் 5.6 பார். ஆக, செல்சாற்றின் கரைபொருள் திறன் –5.6 பார், அதாவது –0.56 மெகாபாஸ்கல். ஆய்வக வெப்பநிலையைப் பார்க்காமல் புத்தகத்தில் உள்ள 20 டிகிரியையே போடுபவர்கள் உண்டு. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அது பொருந்தாது.

செல் உயிரோடுதான் இருக்கிறதா?

இதைச் செய்யாமல் விடாதீர்கள். 0.40 வில்லையில் நன்றாகச் சிதைந்த ஒரு செல்லைக் குவியத்தில் நிறுத்துங்கள். மூடுவில்லையின் ஒரு ஓரத்தில் தண்ணீர் சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் பிளாட்டிங் பேப்பரைத் தொடவிடுங்கள். தண்ணீர் உள்ளே ஓடும். ஊதா உருண்டை மெல்ல விரிந்து மூலைகளை நிறைக்கும். இதுதான் சிதைவு மீட்சி. விரியாமல் நிறம் வெளியே கசிந்தால் படலம் கிழிந்துவிட்டது, செல் இறந்துவிட்டது என்று பொருள். 70 டிகிரிச் சுடுநீரில் இரண்டு நிமிடம் போட்ட தோலை ஒப்பிட்டுப் பாருங்கள். படலத்தின் புரதங்கள் குலைந்து, நிறமி வெளியேறிவிடும். பிறகு எந்தச் சர்க்கரைக்கும் அந்தச் செல் அசையாது.

பின்சேர்க்கை: செய்து பார்த்தவர்கள் கேட்டவை

*ரியோ கிடைக்கவில்லை, வெங்காயத்தில் ஒன்றும் தெரியவில்லை.* வெங்காயச் செதிலின் உட்புறம் உரிவது நிறமற்ற தோல். ஊதா நிறம் வெளிப்புறத்தோலில் இருக்கிறது. சதைப்பற்றுள்ள செதிலின் வெளிப்பக்கத்தில் பிளேடால் சின்னச் சதுரம் கீறி உரியுங்கள்.

*சர்க்கரைக்குப் பதில் உப்பு?* சுருங்குவதைக் காட்ட மட்டும் என்றால் 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் உப்பு, சில நிமிடத்தில் வேலை முடியும். அளப்பதற்கு ஆகாது. உப்பு இரண்டு அயனிகளாகப் பிரிவதால் 0.1 மோலார் உப்பு ஏறக்குறைய 0.2 மோலார் சர்க்கரைக்குச் சமம். மரக்காணத்துக் கல்லுப்பில் மக்னீசியமும் சேர்ந்திருக்கும்.

*உருளைக்கிழங்குச் சீவலை எடைபோடும் சோதனையும் இதுவும் ஒன்றா?* இல்லை. எடை மாறாத கரைசல் காட்டுவது திசுவின் நீரியல் திறன், அதில் விறைப்பழுத்தமும் அடங்கும். இங்கே விறைப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு கரைபொருள் திறனை மட்டும் பிடிக்கிறோம். இரண்டு எண்ணும் ஒன்றாக வராது, வரவும் கூடாது.

*அப்படியானால் பிச்சாவரத்து மரங்கள் ஏன் வாடுவதில்லை?* கடல்நீரின் கரைபொருள் திறன் சுமார் –2.5 மெகாபாஸ்கல். நம் ரியோவின் –0.56 அதன் முன் நிற்காது; தண்ணீர் செல்லிலிருந்து வெளியேதான் ஓடும். அங்கே நிற்கும் சுரபுன்னையின் வேர் உப்பில் பெரும்பகுதியை வாசலிலேயே தடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் மேலே விடுகிறது. அதற்கு இலையின் நீரியல் திறன் கடல்நீரைவிடக் கீழே இருக்க வேண்டும். நீராவிப்போக்கு சைலத்தில் (தண்ணீரை மேலேற்றும் குழாய்த் திசுவில்) உள்ள நீர்க்கம்பத்தை அந்த அளவுக்கு இழுத்துப் பிடிக்கிறது. 1965-ல் ஷோலாண்டர் குழுவினர் அழுத்த அறையில் கிளைகளை வைத்து, சதுப்புநிலத் தாவரங்களின் சைலச் சாறு கடுமையான எதிர்ம அழுத்தத்தில், அதாவது இழுவிசையில், இருப்பதை அளந்து காட்டினார்கள். இன்னொரு சதுப்புநில மரமான அவிசீனியா உள்ளே வந்த உப்பையும் இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய நேரத்தில் அதன் இலையை விரலால் தடவிப் பார்த்தால் பொடிப்பொடியாக உப்பு ஒட்டும்.